அக்கா மறந்துபோன சண்டை

என் அக்கா என்னிடம் பேசியதுதான் முதல் அறிகுறி.

குன்னூர் மார்க்கெட்டில் பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை தோளைத் தொட்டது. திரும்பினால் அக்கா. கோடையிலும் கழற்றாத பழுப்பு நிற ஸ்வெட்டர், கையில் துணிப்பை.

“ஏ வசந்தா, எப்ப வந்தே? மாப்பிள்ளை வர்லியா?”

நாங்கள் இருவரும் பேசி முப்பது வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் சிறுமியாக இருந்தபோதே அம்மா இறந்துவிட்டார். என்னைவிடப் பத்து வயது மூத்த அக்காதான் எனக்குத் தலை வாரிவிட்டு, பாடம் சொல்லிக்கொடுத்து வளர்த்தார். டீச்சராகச் சேர்ந்து தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் ஒரு தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீசியனாக இருந்த பாலனைக் கட்டிக்கொண்டேன். அவருடைய பெற்றோர் இலங்கையிலிருந்து வந்து எஸ்டேட்டில் குடியேறியவர்கள். எங்கள் சாதி இல்லை. அக்கா வாசலில் நின்று, “இந்த ஊட்டு வாசப்படியை நீயும் மிதிக்கக் கூடாது, அவனும் மிதிக்கக் கூடாது” என்றார். அதோடு சரி.

அதன் பிறகும் ஒரே ஊரில்தான் இருந்தோம். பஸ் ஸ்டாண்டில் எதிர்ப்பட்டால் அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வார். பாலன் மாரடைப்பில் இறந்தபோது எங்கள் அண்ணன் மகன் சுரேஷ் போய்ச் சொல்லியிருக்கிறான். அப்போதும் அவர் வரவில்லை. அவர்தான் இப்போது பீன்ஸ் கூடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மாப்பிள்ளையை விசாரித்தார்.

“வர்லீங்க்கா” என்று மட்டும் சொன்னேன்.

“ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் ஊட்டுக்கு வாங்க. சும்மா சாக்குச் சொல்லக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து வந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும். வயதாகிவிட்டது, மனம் இளகிவிட்டது, பாலனைப் பற்றி நேரடியாகக் கேட்கக் கூச்சப்பட்டு அப்படிக் கேட்டிருக்கிறார் என்று நானாக ஒரு விளக்கம் செய்துகொண்டேன். ஒரு நோய் தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போனேன். படியில் செருப்பைக் கழற்றும்போது கால் கூசியது. அக்கா சாப்பாட்டு மேசையில் மூன்று தட்டுகள் வைத்திருந்தார். சோறு நன்றாக வெந்திருந்தது. குழம்பில் உப்பே இல்லை. உப்பு எடுக்கச் சமையலறைக்குப் போனேன். அலமாரி முழுக்கப் பிரிக்காத உப்புப் பாக்கெட்டுகள். டீத்தூள் டப்பாவுக்குள் ஒரு சோப்பு இருந்தது. பால் பாத்திரத்தின் அடி கருகிப்போயிருந்தது.

“மாப்பிள்ளை வர்லியா?” என்றார். வரவில்லை என்றேன். ரசம் ஊற்றும்போது மறுபடியும் கேட்டார். மோருக்கும் கேட்டார்.

சுரேஷ் திருப்பூரில் இருக்கிறான். போனில் சொன்னேன். “வயசானா எல்லாருக்கும் அப்படித்தானுங்க அத்தை” என்றான். நானும் அதை ஒப்புக்கொண்டேன். இதைப் படிக்கும் உங்களில் யாராவது இதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தால், தயவுசெய்து சொல்வதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். நாங்கள் அப்படிச் சொல்லியே பல மாதங்களைக் கடத்தினோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேஸ் வாசம் பிடித்துக் கதவைத் தட்டிய பிறகுதான் கோயம்புத்தூருக்குக் கிளம்பினோம்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அக்கா பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரே ஓடிய ஒரு குழந்தையை அதட்டி உட்கார வைத்தார். பார்த்தவர்களுக்கு நான்தான் நோயாளி என்று தோன்றியிருக்கும்.

டாக்டர் ஒரு பெண், நடுத்தர வயது. தாளைக் கொடுத்து ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். அக்கா அழகான வட்டம் போட்டார். கரும்பலகையில் எத்தனையோ வருடம் போட்டுப் பழகிய கை. பிறகு எண்களை எழுதினார். எல்லா எண்களும் வலது பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்து நின்றன. இடது பக்கம் வெறுமையாக இருந்தது. முள் எதையும் போடாமல் தாளை நீட்டி, “நேரமாச்சு, எல்லாரும் பேப்பரைக் குடுங்க” என்றார்.

ரத்தப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. (காந்த அலைகளால் மூளையைப் படமெடுப்பது) எல்லாம் முடிந்து மறுபடி உள்ளே கூப்பிட்டார்கள். டிமென்ஷியா (நினைவும் சிந்தனையும் படிப்படியாகக் குறைந்துபோகும் நிலை), அதிலும் அல்சைமர் வகை என்று டாக்டர் சொன்னார். மூளையின் செல்கள் மெல்ல மெல்ல அழியும். மாத்திரை சில காலம் கைகொடுக்கலாம், நோயைத் திருப்பி அனுப்பாது. சமீபத்து நினைவுகள் முதலில் போகும், பழையவை கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும்.

சுரேஷ் செலவைப் பற்றியும் மாத்திரையைப் பற்றியும் கேட்டான். அவன் முடிக்கும்வரை காத்திருந்தேன்.

“ஏனுங்க டாக்டர், எங்கக்கா என்கூட முப்பது வருசமாப் பேசலீங்க. இப்பத்தான் பேசறாங்க. அது பாசமுங்களா, இந்தச் சீக்குங்களா?”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அக்காவைப் பார்த்தார், பிறகு என்னை.

“அது ஸ்கேன்ல தெரியாதுங்கம்மா” என்றார்.

மலைக்குக் கீழே ஒரு நல்ல முதியோர் இல்லம் பார்த்து வைத்திருப்பதாகச் சுரேஷ் சொன்னான். நான் அக்கா வீட்டுக்கே குடிபோகிறேன் என்றேன். என் மகள் பெங்களூரில் இருக்கிறாள். எனக்கென்று இங்கே யாரும் காத்திருக்கவில்லை. அக்காவுக்காகத்தான் போனேன் என்றால் அது பாதி உண்மைதான். அந்த வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு உள்ளுக்குள் கிடந்திருக்கிறது.

வீட்டிலேயே வைத்துப் பராமரிப்பதற்கு உதவும் அமைப்பு ஒன்றிலிருந்து நர்ஸ் ஒருவர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அவர் சொன்னபடி கேஸ் சிலிண்டரைச் சமையலறைக்கு வெளியே மாற்றிப் பூட்டினோம். குளியலறையில் கைப்பிடி வைத்தோம். நிலைக்கண்ணாடியைத் துணியால் மூடினோம், ஏனென்றால் அதில் தெரியும் கிழவி யார் என்று அக்கா பயந்தார். அக்காவுக்கு அடையாளம் தெரிய, கழிப்பறைக் கதவுக்கு மட்டும் பளிச்சென்று மஞ்சள் வண்ணம் அடித்தோம். இவை சின்ன விஷயங்கள். ஆனால் அந்த மஞ்சள் கதவு ஒரு வருடத்துக்கு நாங்கள் துவைக்க வேண்டிய துணியைப் பாதியாகக் குறைத்தது.

பகலில் உதவிக்கு லீலா வந்தாள். கூடலூர் பக்கம் ஸ்ரீமதுரைக்காரி, மலையாளி, குன்னூரில் வாடகைக்கு இருப்பவள். என்னைச் சேச்சி என்பாள், அக்காவை டீச்சரம்மா என்பாள். முதல் வாரமே குளிப்பாட்டப் போய் நெற்றியில் பிளாஸ்டிக் மக் அடி வாங்கினாள். “எனக்கு வேண்டா சேச்சி, நான் நாளையிலேர்ந்து வர்ல” என்று அழுதாள். ஆனால் மறுநாள் வந்தாள். குளிர்தான் காரணம் என்பதைக் கண்டுபிடிக்க எங்களுக்குக் கொஞ்ச காலம் ஆனது. வெயில் ஏறிக் குளியலறை ஜன்னல் காய்ந்த பிறகு, முதலில் காலுக்கு மட்டும் வெந்நீர் ஊற்றி, தோளில் துண்டைப் போர்த்தியபடியே குளிப்பாட்டினால் அக்கா சும்மா இருப்பார். மூடுபனி இறங்கிய நாட்களில் ஈரத்துணியால் துடைத்துவிடுவதோடு நிறுத்திக்கொண்டோம். தினமும் குளித்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

மாலை வேளைகள்தான் கடினம். வெளிச்சம் மங்கும்போது குழப்பமும் பதற்றமும் கூடுவது இந்த நோயில் சகஜம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குன்னூரில் மழைக்காலத்தில் மதியத்துக்குப் பிறகே வெளிச்சம் மங்கிவிடும். அக்கா ஸ்வெட்டர் பட்டனைப் போட்டுக்கொண்டு கதவருகே நிற்பார், ஸ்கூலுக்குப் போக வேண்டும் என்பார். நேரத்தோடு எல்லா விளக்கையும் போட்டுவைத்தோம். பழைய கோடு போட்ட தாள்களைக் கொடுத்துத் திருத்தச் சொன்னால் சிவப்புப் பேனாவால் எல்லாவற்றுக்கும் டிக் போடுவார். யாரையும் ஃபெயில் ஆக்கவில்லை.

கேள்வி மட்டும் நிற்கவில்லை. மாப்பிள்ளை எங்கே?

ஒரு முறை உண்மையைச் சொன்னேன். “அவரு செத்துப் போயிட்டாருங்க்கா. நாலஞ்சு வருசமாச்சு.”

அக்கா தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தலையில் அடித்துக்கொண்டு அழுதார். “எனக்கு ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பேனே” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவருக்குச் சொல்லப்பட்டது, அவர் வரவில்லை. ஆனால் அந்த அழுகை பொய்யில்லை. என் கணவரின் சாவுக்கு என் பிறந்த வீட்டிலிருந்து அழுத ஒரே ஆள் அவர்தான். கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஏன் அழுதோம் என்பது தெரியாமல் என்னைப் பார்த்தார். பிறகு, “மாப்பிள்ளை சாப்ட்டாரா?” என்றார்.

அதன் பிறகு ஃபேக்டரிக்குப் போயிருக்கிறார் என்றே சொல்லத் தொடங்கினேன். அக்கா அதை நம்பினார். தினமும் மதியம் ஒரு தட்டில் சோறு போட்டு மூடிவைப்பார். சின்ன வெங்காயம் போட்ட பொரியல் என்றால் அதில் கூடுதலாக ஒரு கரண்டி. இதெல்லாம் பாலனுக்குப் பிடிக்குமா என்று அவருக்குத் தெரியாது. உண்மையில் பிடிக்கும்.

லீலா இதைப் பார்த்து, “டீச்சரம்மாவுக்கு உங்க புருசன் மேல என்ன ஒரு சினேகம்” என்றாள். மூடிய தட்டைக் கழுவும்போது எனக்குக் கோபம் வந்தது. பாலன் உயிரோடு இருந்த காலம் முழுக்க இந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. ஒரு தடவை மின்கம்பி அறுந்து இந்தத் தெரு இருட்டாகக் கிடந்தபோது, தெருமுனை வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியவர் அவர். செத்த பிறகு தினம் ஒரு தட்டு. யாருக்கு வேண்டும் இது?

ஒரு நாள் அது வெளியே வந்துவிட்டது. அக்கா தட்டை நகர்த்தி, “எத்தன நேரம் பாத்திருக்கறது? நீ கூப்பிட்டாத்தானே அவரு வருவாரு?” என்றார்.

“நீங்கதானுங்களே அவரை வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னீங்க! நீங்கதானே! இப்ப வந்து சோறு போடறீங்க!” என்று கத்தினேன்.

அக்கா பயப்படவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னைக் கூர்ந்து பார்த்தார். பிள்ளைகளின் சண்டையை விசாரிக்கும் முகம்.

“யாரு அப்படிச் சொன்னது?”

“நீங்கதான்.”

“பேச்சை மாத்தாத வசந்தா. ஊட்டு மாப்பிள்ளையை யாராச்சும் அப்படிச் சொல்லுவாங்களா? யாருன்னு பேரைச் சொல்லு. நான் போய்க் கேக்கறேன்.” எழுந்தே விட்டார். ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டார். “வா, இப்பவே போலாம். எந்த ஊட்டுக்காரங்க?”

வாசல் வரை போனார். நான் பின்னாலேயே போனேன். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் படியிலேயே நின்றார். எனக்கு நியாயம் கேட்கக் கிளம்பியவர் அவர். கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன். அன்றைக்கு அந்தத் தட்டுச் சோற்றை நான் சாப்பிட்டேன்.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருந்தால் படிப்பவர்களுக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் நோய் அங்கே நிற்கவில்லை. நினைவுகள் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக உதிர, அக்கா பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தார். அப்படிப் போகும் வழியில் எங்கள் சண்டை நடந்த காலமும் இருந்தது.

ஒரு மழைநாள் காலையில் டீயோடு அறைக்குள் போனேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது. பஸ் ஸ்டாண்டில் பார்த்துப் பார்த்துப் பழகிய முகம்.

“நீ எதுக்கு இங்க வந்தே? அவனோட போனவதானே? வெளிய போ.”

டம்ளர் கையில் சுட்டது. லீலா ஓடிவந்து என் காதருகே, “சேச்சி, தர்க்கம் வேண்டா. வெளிய போயிட்டு அப்புறம் வாங்க” என்றாள். அது எங்களுக்குச் சொல்லித்தரப்பட்ட வழிதான். ஆள் அறையை விட்டுப் போய்க் கொஞ்ச நேரம் கழித்து வந்தால், அந்தக் கோபம் பெரும்பாலும் மறந்திருக்கும்.

நான் வெளியே போய்த் திறந்த வாசலில் நின்றேன். சாரல் முகத்தில் அடித்தது. நான் அழுதிருப்பேன் என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி இல்லை. எனக்கு ஒருவித ஆசுவாசமாக இருந்தது. இத்தனை நாள் அந்தச் சண்டையை நான் ஒருத்தியே சுமந்துகொண்டிருந்தேன். இப்போது அதை அறிந்த இன்னொரு ஆள் உள்ளே இருந்தார். இளவயதில் அவர் சொன்னதற்கு நான் ஒரு பதிலும் சொல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள். இப்போது பதில் சொல்லலாம் என்று தோன்றியது. அவர் மறப்பதற்குள் சொல்ல வேண்டும்.

உள்ளே போனேன். லீலா தலையை ஆட்டித் தடுத்தாள். நான் கட்டிலுக்கு எதிரே நின்றேன்.

“நான் போகமாட்டனுங்க்கா. அவரு நல்ல மனுசன். கடைசி வரைக்கும் என்னை நல்லா வெச்சிருந்தாரு. நீங்க பண்ணுனது தப்பு.”

அக்காவின் முகத்தில் இறுக்கம் குறையவில்லை. “சொன்னாக் கேக்கமாட்டே. சின்னதுலேர்ந்தே அப்படித்தான்” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மன்னிப்பு இல்லை, சமாதானமும் இல்லை. ஆனாலும் அது என் அக்காவின் பதில்தான். எனக்கு அது போதுமானதாக இருந்தது. மதியம் எழுந்து வந்து மாப்பிள்ளைக்குச் சோறு எடுத்துவைத்தார்.

எது பாசம், எது சீக்கு என்று பிரித்துப் பார்ப்பதை அதன் பிறகு விட்டுவிட்டேன். இரண்டுமே அவர் வாயிலிருந்துதான் வந்தன.

அடுத்த வருடத்தில் வார்த்தைகள் குறைந்தன. மாப்பிள்ளை போனார், பிறகு என் பெயர் போனது. மஞ்சள் கதவு பயனற்றுப்போய் டயப்பர் வந்தது. நடை தளர்ந்து, கட்டிலோடு ஆனார். முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது, குதிகாலுக்குக் கீழே சிறு தலையணை வைப்பது, வாயை ஈரத்துணியால் துடைப்பது என்று எங்கள் வேலைகள் மாறின. ஓட்டமும் குறைந்தது, பயமும் குறைந்தது. கதவைப் பூட்ட வேண்டிய தேவை இல்லாமல் போனது.

விழுங்குவது சிரமமானபோது சுரேஷ் டியூப் வைக்கச் சொன்னான் (மூக்கு வழியாகவோ வயிற்றில் துளையிட்டோ குழாயில் உணவு செலுத்துவது). பட்டினி போடுகிறோமோ என்ற பயம் அவனுக்கு. டாக்டரிடம் போனில் பேசினோம். இந்தக் கட்டத்தில் டியூப் ஆயுளைக் கூட்டும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, அதைப் பிடுங்காமல் இருக்கக் கையைக் கட்டவேண்டி வரலாம், பொறுமை இருந்தால் கையாலேயே ஊட்டுங்கள் என்றார். உட்கார வைத்து, முகவாய் கொஞ்சம் தாழ்ந்திருக்க, கூழ்ப்பதத்தில், சின்னக் கரண்டியில். ஒரு வாய் முழுதாக இறங்கிய பிறகே அடுத்தது. இல்லாவிட்டால் ஆஸ்பிரேஷன் (உணவு மூச்சுக்குழாய்க்குள் போவது) ஆகி நிமோனியா வரும். எங்கள் முடிவு எல்லோருக்கும் பொருந்தாது. உங்கள் மருத்துவரோடு பேசி நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஒரு கிண்ணம் ராகிக் கூழ் ஊட்ட முன்பகல் முழுக்கப் போய்விடும். தொடக்கத்தில் எனக்குக் கை பரபரக்கும். சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பேன். ஒரு நாள் அது ஓடவில்லை என்று கவனித்தேன். எப்போது நின்றதென்று தெரியவில்லை. பேட்டரி வாங்கிப் போட எனக்குத் தோன்றவில்லை. விழுங்குவதற்கும் அடுத்து விழுங்குவதற்கும் நடுவில் எவ்வளவு நேரமோ, அதுதான் அந்த வீட்டின் நேரம். பனி ஏறுவதும் இறங்குவதும் ஜன்னலில் தெரியும். அக்காவின் தொண்டை அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அது அசையும்போது என் தொண்டையும் அசையும். என் உடம்பு என்னோடு முடிந்துவிடுகிறது என்ற எண்ணம் எப்படியோ மெல்லத் தேய்ந்துபோயிற்று.

சென்ற மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தது. தொற்றிவிடும் என்று லீலா என்னை அக்காவின் அறைக்குள் விடவில்லை. சில நாட்கள் அவளே ஊட்டினாள். காய்ச்சல் விட்டதும் குளித்துவிட்டு, கூழை ஆற்றி எடுத்துக்கொண்டு போனேன். அக்கா தலையணைகளில் சாய்ந்து ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். என் பக்கம் பார்வை திரும்பவில்லை. திரும்பும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு துண்டை அவர் மார்பில் விரித்தேன். கரண்டியை இன்னும் எடுக்கவில்லை. அக்கா வாயைத் திறந்தார்.

என் வாயும் திறந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.